உனக்குக் கேட்காமல் போன 2012

அன்பு மகனே,

தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாய்விட்டுச் சொல்ல இரண்டு முறை முயன்றேன். முதல் முறை, "மண்டபத்துக்காரர் லைன்ல இருக்காரும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். இரண்டாம் முறை நானே பயந்துபோய், பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போச்சு என்று வேறு எதையோ சொல்லி ஒப்பேற்றினேன். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அதற்குள் இதைச் சொல்லாவிட்டால் மணவறைப் பக்கத்தில் நின்று என்னால் மனசாரச் சிரிக்க முடியாது. சிரிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அதற்கென்றே கடையில் நாலு மணி நேரம் உட்கார்ந்து புடவை எடுத்திருக்கிறேன், உன் அப்பாவைக் கேட்டுப் பார்.

நிச்சயத்தன்று தளியில் உன் மாமனார் வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். உனக்கு அது வெறும் அரட்டை. ரோஜாத் தோட்டத்திலிருந்து காற்று சில்லென்று வந்துகொண்டிருந்தது, உன் மாமனார் குஷியாக இருந்தார். பாட்டு என்று அவர் வாயில் வராது, ஹாடு என்றுதான் வரும். "நம்ம எண்பத்தேழுல வந்த ஹாடு மாதிரி இன்னொரு வருஷம் சொல்லுங்க சம்பந்தி, நான் ஒப்புக்கறேன்" என்று ஆரம்பித்தார். பெண் கொடுக்கிறவர் ஆசையாகக் கேட்கிறாரே, ஒரு வருஷத்தை விட்டுக்கொடுத்தால் என்ன? உன் அப்பா அப்படி விடுகிறவரா? "எண்பத்தாறுங்க. எண்பத்தேழுல நீங்க கேட்டதெல்லாம் எண்பத்தாறுல மிச்சமானது" என்றார். தாம்பூலம் மாற்றி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நல்லவேளை, உன் மாமனார் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு வரி பாடிக்காட்டிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். அவர் கன்னடத்தில் பாட, இவர் தமிழில் பாட, பந்தல்காரர்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

அப்போதுதான் உன்னோடு ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிற அந்தத் திருநெல்வேலிப் பையன் குறுக்கே வந்தான். "சண்ட எதுக்கு மாமா? எல்லாரும் பதினேழு வயசுல கேட்ட பாட்டத்தான் ஒசத்தின்னு சொல்லுதீங்க. கணக்குப் போட்டுப் பாருங்களேன்" என்றான். உன் மாமனார் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டார். உன் அப்பா எண்ணவே மறுத்தார். கல்யாணப் பெண் ரூபா தன் பதினேழாவது வருஷத்தைச் சொன்னாள், அவள் தம்பி தன் வருஷத்தைச் சொன்னான். கடைசியில் எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ சிரித்துக்கொண்டே, "எனக்கு அந்த வருஷமே கெடையாது மாமா. ப்ளஸ் டூன்னு அம்மா கேபிள கட் பண்ணிட்டாங்க. 2012ல எங்க வூட்ல பாட்டுச் சத்தமே கெடையாது" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு, யாரும் கேட்காத தண்ணீரை எடுத்துவர உள்ளே போனேன்.

நீ சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த வருஷம் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் டிவி ஓடக் கூடாது என்றார்கள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு மறந்தார்கள். நான் அன்றைக்குச் சாயங்காலமே கேபிள்காரரைக் கூப்பிட்டு வயரைக் கழற்றச் சொன்னேன். அதோடு விட்டேனா? உன் போனிலிருந்த மெமரி கார்டைப் பிடுங்கினேன். உன் அப்பாவின் ரேடியோவை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். "கரண்டே இல்லாத வருஷத்துல கேபிள கட் பண்ணி என்னாடி ஆவப்போவுது? கவர்மெண்டே கட் பண்ணிக்கினுதான இருக்குது" என்றார் உன் அப்பா. அந்த வருஷம் கரண்ட் பகலில் வருவதே அதிசயமாக இருந்தது, உனக்கு நினைவிருக்கும். ஆனால் நான் கேட்கவில்லை. கூலி வேலைக்குப் போன குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளையாவது மேலே வரட்டும் என்று ஒரு வெறி. அதோடு, பிள்ளைக்காக எல்லாவற்றையும் துறந்த அம்மா என்று நாலு பேர் என்னைச் சொல்ல வேண்டும் என்கிற ஆசையும் இருந்தது. இப்போது நினைத்தால் அந்த ஆசைதான் பெரிது என்று தோன்றுகிறது.

துறந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் பொய். வீட்டில்தான் பாட்டு இல்லை. எனக்குப் பாட்டு இருந்தது. தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், போச்சம்பள்ளிக்குப் போகிற எங்கள் கம்பெனி பஸ்ஸில்.

அந்த பஸ்ஸைப் பற்றி உனக்கு நான் எதுவும் சொன்னதில்லை. ஷூ கம்பெனியில் தையல் லைன் என்றால் காலையிலிருந்து சாயங்காலம்வரை மிஷின் சத்தம், சூப்பர்வைசர் சத்தம். பேச்சும் சிரிப்பும் எல்லாம் பஸ்ஸில்தான். டிரைவர் முனிராஜ் அண்ணனுக்குத் தளிப் பக்கம் ஊர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுவார். வாரத்துக்கு ஒருமுறை காவேரிப்பட்டணம் மொபைல் கடையில் புதுப்பாட்டெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வருவார். அதோடு ஒரு சட்டமும் வைத்திருந்தார். வாரத்துக்கு ஒருத்தி தனக்குப் பிடித்த வருஷத்தைச் சொல்ல வேண்டும். காலையில் புதுப்பாட்டு ஓடும், சாயங்காலம் திரும்பும்போது அந்த வருஷத்துப் பாட்டு ஓடும். சனிக்கிழமை ஓட்டு. அந்த வருஷம் உசத்தி என்று நினைக்கிறவள் கழுத்திலிருக்கும் ஐடி கார்டைக் கழற்றி மேலே பிடிக்கிற கம்பியில் தொங்கவிட வேண்டும். ஆற்றுப்பாலம் வந்ததும் எண்ணுவார்கள். ஒரு சனிக்கிழமை சண்டை முற்றிப்போய், இறங்குகிற அவசரத்தில் பாதிப் பேர் கார்டை எடுக்க மறந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை அதே பஸ்ஸை யாரோ திருப்பதிக்கு வாடகைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். திங்கட்கிழமை வேறு பஸ்ஸில் வந்து கேட்டில் இருபது பொம்பளைகள் கழுத்தில் கார்டு இல்லாமல் நிற்கிறோம், எங்கள் கார்டெல்லாம் ஏழுமலையானைத் தரிசித்துவிட்டு வந்துகொண்டிருந்தது. செக்யூரிட்டி எங்களை உள்ளே விடுவதற்குள் அரை நாள் சம்பளம் போனது. அதைச் சொல்லியே அந்த மாதம் முழுக்கச் சிரித்தோம்.

என் முறை வந்தபோது நான் பழைய வருஷம் எதையும் சொல்லவில்லை. நடந்துகொண்டிருந்த 2012ஐயே சொன்னேன். முடியாத வருஷத்தைச் சொல்லலாமா என்று கோவிந்தம்மா சண்டைக்கு வந்தாள். உனக்குத்தான் தெரியுமே, என் பக்கத்து மிஷினில் தைக்கிறவள், உன் காதுகுத்துக்கு வெள்ளி அரைஞாண் போட்டவள். நான் விடவில்லை. புல்லாங்குழலில் ஆரம்பிக்கிற ஒரு மெல்லிய பாட்டு, கல்யாண வீட்டுக்கென்றே போட்டது மாதிரி ஒரு குத்துப்பாட்டு, படம் ஓடாவிட்டாலும் பாட்டு மட்டும் ஓடிய நாலைந்து. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி வாதாடினேன். சனிக்கிழமை எண்ணினால் கம்பி முழுக்கக் கார்டு. அவ்வளவு பேர் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். அந்த பஸ்ஸில் என்னோடு சேர்த்து பதினோரு பேர் வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை இருந்தது. பதினோரு பேர் வீட்டிலும் கேபிள் இல்லை, பாட்டு என்றால் எங்களுக்கு அந்த பஸ்ஸில் மட்டும்தான். பதினோரு பேரும் பிள்ளைக்காக எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறோம் என்று ஒருத்தியை ஒருத்தி மெச்சிக்கொண்டு, அதே வாயால் கூடவே பாடிக்கொண்டு போனோம். வெட்கமாக இருக்கிறது. அதைவிட வெட்கம், இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நம் ஊர் நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்க பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில் வாயிலிருக்கும் பாட்டை விழுங்கிவிட்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உள்ளே வருவேன். ஒரே ஒரு நாள் தவறிவிட்டது. களி கிண்டிக்கொண்டிருந்தேன். நீ அடுப்புக்குப் பக்கத்தில் கெமிஸ்ட்ரி புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். துடுப்பைச் சுற்றுகிற வேகத்தில் அந்தப் புல்லாங்குழல் பாட்டு தன்னால் வெளியே வந்துவிட்டது. நீ நிமிர்ந்து, "என்னாம்மா பாட்டு அது, புதுசா?" என்றாய். நான் திரும்பாமலே, "பழைய பாட்டுடா, உங்கப்பா காலத்துது" என்றேன். நீ நம்பிவிட்டாய். "நல்லாருக்குதும்மா, இன்னொரு தரம் பாடு" என்று கேட்டாய். நான், "படி" என்றேன்.

இவ்வளவுதான் நடந்தது. கொலையா செய்துவிட்டேன் என்று பல வருஷம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உன் கெமிஸ்ட்ரி மார்க்கை நினைத்தால் அந்தச் சமாதானமும் நிற்காது. அவ்வளவு அமைதியான வீட்டில் படித்தும் நீ தட்டுத்தடுமாறித்தான் பாஸானாய். பிறகு பாலிடெக்னிக்கில் மிஷினைக் கையில் கொடுத்ததும்தான் உனக்குப் படிப்பு பிடித்தது. இன்றைக்கு மெயின்டெனன்ஸில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறாய் என்றால் அது உன் கைராசி, உன் உழைப்பு. நான் கழற்றிய வயருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அந்தப் பெருமையை இத்தனை நாள் நான் எடுத்துக்கொண்டேன். இப்போது திருப்பித் தருகிறேன்.

நிச்சயம் முடிந்து நாலாம் நாள் ரூபா போன் செய்தாள். புடவை பிளவுஸ் அளவு கேட்கத்தான் செய்தாள். பேச்சு வாக்கில் சொன்னாள், "அத்தே, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? இவரு பிரெண்ட்ஸோட டூர் போன வீடியோவ எனக்குக் காட்டினாரு, பஸ்ல பாட்டு ஓடுது. எல்லாரும் கத்திப் பாடறாங்க, இவரும் பாடற மாதிரி வாய அசைக்கிறாரு, ஆனா ஒரு வரி தெரியல. கேட்டதுக்கு, பாலிடெக்னிக் ஹாஸ்டல்ல இருந்தே அப்படித்தான்னாரு. அந்தப் பாட்டெல்லாம் தெரியாதுன்னு சொன்னா கிண்டல் பண்ணுவாங்களாம்." கேபிள் இல்லாமல் நீ ஒரு வருஷம் இருந்தாய் என்றுதான் நினைத்திருந்தேன். உன் வயசுப் பிள்ளைகள் கூட்டத்தில் இத்தனை வருஷமாக நீ வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. என் கண்ணே, என்னை மன்னித்துவிடு. இந்த வரியை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இப்போது பஸ் முன்பு மாதிரி இல்லை. ஒடிசாவிலிருந்து வந்த பெண் பிள்ளைகள் பாதி சீட்டில் இருக்கிறார்கள், ஒவ்வொருத்தி காதிலும் ஒரு வயர். பழைய பதினோரு பேரில் நாலு பேர்தான் மிச்சம். நான் சொல்லி முடித்ததும் கோவிந்தம்மா அழுதுவிட்டாள். "எம் பொண்ணு கிட்ட நான் இன்னும் சொல்லவே இல்லடி. புருஷன் வூட்டுக்கே போயிட்டா" என்றாள். முனிராஜ் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அவருக்கு மீசையெல்லாம் வெள்ளை. "அழுவறத வுட்டுட்டு வேலையப் பாருங்கம்மா. அந்த வருஷத்த நாம திரும்பக் கட்டிடலாம்" என்றார்.

அதைக் கட்ட மூன்று வாரம் ஆனது. போனில் 2012 என்று தட்டினால் ஆயிரம் பட்டியல் வருகிறது. ஒன்றிலும் எங்கள் 2012 இல்லை. எங்களுக்குப் பிடித்ததில் பாதி யாருக்கும் தெரியாத படத்துப் பாட்டு. ஒருத்திக்குப் பல்லவி தெரியும், ஒருத்திக்குச் சரணம் தெரியும், படத்தின் பெயர் ஒருத்திக்கும் தெரியாது. ஆடிக்கு முன்னாலா பின்னாலா என்று ஒரு பாட்டுக்கு இரண்டு நாள் சண்டை. தன் பெண் வயசுக்கு வந்த வாரம் பஸ்ஸில் ஓடியது என்று கோவிந்தம்மா சாட்சி சொன்ன பிறகுதான் அது அடங்கியது. நடுநடுவே முனிராஜ் அண்ணன் அப்போதே சொருகியிருந்த கன்னடப் பாட்டுகளும் அந்த வருஷத்தில் சேர்ந்தவைதான், அதை எடுக்கக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அதைக் கேட்டால் உன் மாமனாரும் மசிந்துவிடுவார். தமிழே தெரியாத அந்த ஒடிசாப் பிள்ளைகள் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு எங்களோடு கை தட்ட ஆரம்பித்தார்கள். போன சனிக்கிழமை கடைசிப் பாட்டும் கிடைத்தது. அறுபத்திரண்டு பாட்டு.

புத்தி சொல்லாமல் ஒரு அம்மாவால் கடிதத்தை முடிக்க முடியுமா? கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் வீட்டில் எதையாவது வேண்டாம் என்று நிறுத்தினால், நீயும் நிறுத்து. வெளியே போய் அதை அனுபவித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வராதே. பத்து நிமிஷ நடையில் முகத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். ரூபா அடுப்படியில் கன்னடத்தில் முணுமுணுத்தால் அதற்கு அர்த்தம் என்ன என்று ஒவ்வொரு வரிக்கும் நிறுத்திக் கேட்காதே. "இன்னொரு தரம் பாடு" என்று மட்டும் கேள். உன்னைப் போல அதைக் கேட்க யாருக்கும் தெரியாது. தெரியாத பாட்டைத் தெரியாது என்று சொல்லிவிடு. கிண்டல் பண்ணினால் பண்ணிவிட்டுப் போகட்டும். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும்போது உனக்கும் பயம் வரும். அப்போது என்னைக் கூப்பிடு. நான் வந்து ரேடியோவைச் சத்தமாக வைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் தளிக்குப் போக பஸ் சொல்ல வேண்டும் என்று நீ இரண்டு முறை கேட்டாய், பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துவிட்டேன். கான்ட்ராக்டரிடம் பேசி எங்கள் பஸ்ஸையே சொல்லியாகிவிட்டது, முனிராஜ் அண்ணனேதான் ஓட்டுகிறார். பூ வைத்த காரில் நீ தனியாகப் போக வேண்டும் என்று உன் சித்தப்பா பிடிவாதமாக இருக்கிறார். காரை முன்னால் அனுப்பிவிடு. தளி எல்லையில் இறங்கி அதில் ஏறிக்கொள், மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு குறையும் வராது. அதுவரை எங்களோடு வா. காலை பத்து மணிக்கு நம் நிறுத்தத்தில் கிளம்பும்போது 2012 ஜனவரிப் பாட்டு ஓடும். கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டினால் சித்திரை. சூளகிரியில் டீ குடிக்க நிறுத்துவோம், அப்போது ஜூன். நான் வயரைக் கழற்றிய மாதம், அங்கே யாரும் இறங்கக் கூடாது, டீ உள்ளேயே வரும். ஓசூர் வருவதற்குள் தீபாவளிப் பாட்டு வந்துவிடும். அதற்குப் பிறகு மேட்டில் ஏற ஏற மார்கழி. அறுபத்திரண்டும் முழுசாக ஓடாது, நேரம் போதாது என்று அண்ணன் சொல்கிறார். அதற்கென்ன, மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

உனக்குக் கோபம் வரலாம். வர வேண்டும். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறாளே என்று என்னை நாலு வார்த்தை கேட்கத் தோன்றினால் கல்யாணம் முடியட்டும் என்று அடக்கி வைக்காதே. என் பக்கத்து சீட்டை யாருக்கும் தரவில்லை. வந்து உட்கார்ந்து, மனசில் இருப்பதையெல்லாம் கேட்டுவிடு. பாட்டுச் சத்தத்தில் பஸ்ஸில் வேறு யாருக்கும் கேட்காது. எனக்குக் கேட்கும்.

உன் அம்மா